அம்மா கொண்டுவரும் ஏழு கிலோ

விருத்தாசலம்,
புதன்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் சுபாஷினிக்கு அப்பா வீரமுத்து எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், மேஜை மேல் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையும் நலம். அங்கே கோலாலம்பூரில் நீயும் உன் வலது கையும் அதே போல் நலமாக இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிற அப்பா திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் ஃபோன் யார் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா. நீ அனுப்புகிற மெசேஜ் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் அம்மாதான் படிக்கிறாள், படித்து முடித்த பிறகு ஒன்றும் தெரியாதவள் போல என்னிடம் நீட்டி, "ஒங்க பொண்ணு என்னமோ அனுப்பியிருக்குது பாருங்க" என்கிறாள். அதனால்தான் நம் பீங்கான் யூனிட்டில் உட்கார்ந்து, பில் போடுகிற தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். உறையின் மேலே ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். ஏர்போர்ட்டில் உன்னைப் பார்த்த உடனே கையில் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் உன் கைவைத்தியத்துக்கு ஆபத்து என்று அம்மாவிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நீ வாங்கிக்கொண்டு அங்கேயே பாத்ரூமுக்குப் போய் முழுவதும் படித்துவிட்டு வா. நேரமாகும்தான், ஆனால் வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, கஷாயப் பொடி பையின் அடியில் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக்குப் போய் அவள் பையைத் திறப்பதற்கு முன்னால் இதில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

முதலில் உன் கையைப் பற்றி. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாத்ரூமில் வழுக்கி விழுவது யாருக்கும் நடக்கிறதுதான், அதற்கு உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாவுக்கட்டைப் போட்டவர் யாரம்மா. முப்பத்தொரு வருஷமாகப் பீங்கானுக்கு அச்சு எடுக்கிறேன், பிளாஸ்டரைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா. கட்டைவிரல் பக்கம் ஓரத்தை வழித்தே விடவில்லை, மணிக்கட்டில் ஒரு பக்கம் கனம் ஒரு பக்கம் மெலிசு. தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். யூனிட்டில் ஒரு பையன் இப்படிக் கொண்டுவந்திருந்தால் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருப்பேன். கை உள்ளே இருப்பதால் சும்மா விடுகிறேன். சூளைக்காரர் கோவிந்தசாமியிடமும் போட்டோவைக் காட்டினேன், அவரும் இதை உள்ளே வைத்தால் நிச்சயம் வெடித்துவிடும் என்றார். எலும்பு கூடினால் போதும், அழகு வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் நீ வந்துவிட்டுத் திரும்பிப் போனபோது திருச்சி ஏர்போர்ட்டில் உன் கைப்பை பதினொரு கிலோ இருந்தது, ஏழு கிலோவுக்கு மேல் விடமாட்டேன் என்றார்கள், பின்னால் வரிசை நின்றது, நீ என்ன செய்வாய். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு, கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை, முந்திரி, இட்லிப் பொடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காரில் கொண்டுவந்து விட்ட தர்மராஜிடம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று கொடுத்துவிட்டுப் போனாய். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் தொழுதூர் டோல்கேட் வருவதற்குள் பாதியைத் தின்று முடித்திருப்பான். நமக்கு வாய்த்தவனோ தர்மராஜ், உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே யோக்கியன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த மூட்டையை அப்படியே கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்து, "பாப்பா மறந்துட்டுப் போயிடிச்சி போலருக்குதுக்கா" என்றான். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், அவன் எனக்குக் கைவலி என்று நினைத்துக்கொண்டு தைலம் போடுங்கண்ணே என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அம்மா மூட்டையைப் பிரித்தாள், ஒரு முறுக்குக்கூட உடையவில்லை. "அவளுக்கு நான் பாரமாப் போயிட்டேன்" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த எட்டு மாதமாக உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கூப்பிட்டால் ஃபோனை என் காதில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சாப்பிட்டாளான்னு கேளுங்க, தலைக்கு ஊத்திக்கிட்டாளான்னு கேளுங்க என்பாள். நடுவில் நின்று நான் பட்ட பாடு போஸ்ட்மேனுக்கும் வேண்டாம். நீ அன்றைக்கு வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வருத்தம் போகவில்லை.

உன் கை உடைந்த செய்தி வந்த அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "அப்ப சோத்த எந்தக் கையால திங்கிறா". ஸ்பூனில் சாப்பிடுகிறாளாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நீயே டிக்கெட் எடுத்து அனுப்பினாய், வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், எத்தினி மணிக்கு பிளேனு என்றாள். எனக்குக் கார்த்திகை விளக்கு ஆர்டர் தலைக்கு மேல் இருப்பதால் அவள் தனியாகத்தான் வருகிறாள். கூட இருபது கிலோ பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அவ கட்டித் தர வேணாம். போன தடவ அவளுக்கு எத்தினி கிலோன்னு சொன்னாங்களோ எனக்கும் அத்தினி கிலோ போதும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், அதுல ஒரு பொட்டலத்த வெளிய எடுன்னு எவனாவது சொன்னான்னா, பையத் தூக்கிக்கிட்டு அப்படியே வூட்டுக்கு வந்துடுவேன், பிளேனும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். உன் அம்மா சொன்னால் செய்கிறவள். ஆகையால் அந்தப் பை ஒரு கிராம் கூடாமல், ஒரு விரல் அகலம் மீறாமல் உள்ளே போயாக வேண்டும், இல்லையென்றால் அவள் உன் வாசலுக்கு வந்து சேரப் போவதில்லை. இந்தப் பொறுப்பை முழுவதுமாக நான் எடுத்துக்கொண்டேன், அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கைப்பை நீளம் ஐம்பத்தைந்து, அகலம் முப்பத்தைந்து, கனம் இருபத்தைந்து சென்டிமீட்டர், எடை ஏழு கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அளவு என்று வந்துவிட்டால் அப்பா எப்படி என்று உனக்குத் தெரியும். சட்டைப்பையில் என் ஸ்டீல் ஸ்கேலைச் செருகிக்கொண்டு பாலக்கரையில் ராஜாங்கத்தின் பைக்கடைக்குப் போனேன். அவன் நீல நிறத்தில் சக்கரம் வைத்த ஒரு பையை எடுத்துக் காட்டி, கேபின் சைஸுண்ணே, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க, அட்டையிலயே போட்டிருக்குது பாருங்க என்றான். அட்டையை நம்பி வேலை செய்தால் ஒரு மூடிகூட ஜாடியில் உட்காராது என்று சொல்லிவிட்டு நானே அளந்தேன். அட்டையில் ஐம்பத்தைந்து, என் ஸ்கேலில் நாற்பத்தொன்பதரை. ஐந்தரை சென்டிமீட்டர் அடித்துவிட்டாயே ராஜாங்கம், இது நியாயமா என்றேன். அவன் பாவம், கம்பெனிக்காரன் பண்ணியிருப்பான்ணே என்று விழித்தான். அடுத்ததை எடுக்கச் சொன்னேன், அதுவும் நாற்பத்தொன்பதரை. கடையில் இருந்த பதினான்கு பைகளையும் வாசலில் வரிசையாக வைத்து அளந்தேன், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நான் ஏதோ ஆபீஸிலிருந்து சோதனை போட வந்திருப்பதாக நினைத்து நின்றுவிட்டார்கள், பக்கத்துக் கடைக்காரர் சத்தமில்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். பதினான்கும் ஒரே அளவாகக் குறைகிறதே என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மாறாகக் கோபம்தான் வந்தது. கடைசியில் மேல்தட்டில் இருந்த ஒரு பெரிய மரூன் பையை இறக்கச் சொல்லி அளந்தேன், நூல் பிடித்தது போல ஐம்பத்தைந்து. அது பிளேன்ல கீழ போடுற பைண்ணே, கைல எடுத்துக்க விடமாட்டாங்க என்றான். நீ பிளேன்ல போயிருக்கியா என்று கேட்டேன். இல்லை என்றான். நானும் போனதில்லை, ஆனா எனக்கு அளவு தெரியும் என்று சொல்லி அதையே வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு நிறுத்தினேனா. ஏர்போர்ட்டில் பையை ஒரு கூண்டில் இறக்கிப் பார்ப்பார்கள் என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதே அளவுக்கு யூனிட்டில் ரீப்பர் கட்டைகளை வைத்து ஒரு கூண்டு அடித்தேன். பையை அதில் இறக்கினால் அச்சில் வார்த்தது போல இறங்கியது. கோவிந்தசாமி கைதட்டினார், விளக்குக்கு வண்ணம் பூசுகிற பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு முறை இறக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு எடை. அம்மா முதல் முறை அடுக்கிய பையை மண் நிறுக்கிற தராசில் வைத்தால் பதினொரு கிலோ நானூறு. கால்வாசி எடை நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிக்கே போயிற்று, நம் ஊர்ப் பீங்கான் ஜாடியாம், பிளாஸ்டிக்கில் போட்டால் மரியாதை இல்லையாம். எண்ணெய் மிதக்கிற ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள் என்று தர்மராஜ் வந்து சொன்னதால் ஜாடியிலிருந்து தப்பித்தோம். இந்த முறை எங்கிட்ட எதையும் குடுக்கக் கூடாதுண்ணே, குடுத்தா நான் வாங்கவே மாட்டேன் என்று அவன் முன்கூட்டியே கைகூப்பிவிட்டான். ஜாடி போயும் எட்டரைக்குக் குறையவில்லை. அப்போதுதான் கோவிந்தசாமி ஒரு யோசனை சொன்னார். பச்சை மண் பாத்திரத்தைக் காயவைத்தால் எடை இறங்குகிறது அல்லவா, தின்பண்டம் மட்டும் என்ன, அதிலும் ஈரம்தானே இருக்கிறது என்றார். எண்ணெய் விடாத உப்பு நார்த்தங்காய், வடகம், சுண்டைவற்றல், மிளகாய் எல்லாவற்றையும் தட்டில் பரப்பிச் சூளைக்குப் பக்கத்து அறையில் விளக்குகளோடு விளக்காக ஒரு நாள் முழுக்க வைத்தோம். மறுநாள் நிறுத்தால் முன்னூற்று நாற்பது கிராம் குறைந்திருந்தது. அம்மாவுக்கு ஏற்பட்ட பெருமை சொல்லி முடியாது. என்ன, வடகம் கொஞ்சம் பீங்கான் மாதிரி ஆகிவிட்டது, தட்டினால் டிங் என்று சத்தம் வருகிறது. பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காயட்டும்.

இதற்கிடையில் அம்மா செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போக வேண்டும் என்றாள். நில வழக்கு, காணாமல் போன மாடு, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன் என்று ஜனங்கள் தாளில் எழுதி சாமியிடம் முறையிடுவார்கள், பைக்காகப் பிராது கட்டிய முதல் ஆள் உன் அம்மாவாகத்தான் இருக்கும். யார் மேல் பிராது என்று எழுத வேண்டுமே, யார் பேரைப் போடுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஆளு மேல வேணாம், அவனும் பொழைக்க வந்தவன், தராசு மேல போடுங்க" என்றாள். அப்படியே எழுதினேன், திருச்சி விமான நிலையத்துத் தராசு என் பையை ஏழு கிலோவுக்கு மேல் காட்டக் கூடாது, சாமிதான் கூட நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. எழுதி முடித்ததும் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கடைசியில் ஒரு வரியை அவளே எழுதி, நான் பார்ப்பதற்குள் மடித்துவிட்டாள். தராசைப் பற்றி எழுத இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன், ஒங்களுக்கு எல்லாம் தெரியணுமா என்றாள். உன் பெயரில் இருக்கிற சுழி மட்டும் தாளின் பின்பக்கம் தெரிந்தது.

நேற்று சாயங்காலம்தான் வெடித்தது. எதிர்வீட்டுத் தையற்கார வீராயி பைக்கு ஒரு துணி உறை தைத்துத் தருவதாக டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நீளம் இருபத்தி நாலு இஞ்சி என்று சொல்லிச் சாக்கட்டியில் குறித்துக்கொண்டாள். இருபத்தி நாலு இஞ்சி என்றால் அறுபத்தொரு சென்டிமீட்டர், அது எப்படி வரும், உன் டேப்பு இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும் வீராயி என்றேன். டேப்பு நீண்டுபோனா அளவு கம்மியால்ல காட்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நான் ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வைத்ததும்தான் தெரிந்தது சுபா. அது சாதாரண ஸ்கேலே இல்லை, அச்சு வேலைக்கு வைத்திருக்கிற சுருக்க ஸ்கேல். மண் காய்ந்து வெந்தால் சுருங்கும் என்பதால் அச்சை முன்கூட்டியே பெரிதாகச் செய்ய வேண்டும், அதற்கென்றே அந்த ஸ்கேலில் பத்து என்று போட்டிருந்தால் உண்மையில் பதினொன்றுக்கு மேலே இருக்கும். ஆறாம் வகுப்பில் நீ அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கணக்குப் பரீட்சையில் வரைந்த முக்கோணம் ஒன்றுகூடச் சரியில்லை என்று டீச்சர் முட்டை போட்டாரே, அதே ஸ்கேல். அன்றைக்கு உனக்கு முட்டை, இன்றைக்கு எனக்கு. ராஜாங்கத்தின் பதினான்கு பையும் சரி, கம்பெனிக்காரன் சரி, அட்டை சரி, நான் ஒருவன்தான் தப்பு. கூண்டை எந்த ஸ்கேலால் அளந்து அடித்தேன் என்று இனி நீ கேட்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். பயணத்துக்கு இன்னும் இரண்டே நாள், அந்தப் பையோடு போயிருந்தால் வாசலிலேயே திருப்பியிருப்பார்கள், நான் கெடுத்துவிட்டேன் சாவித்திரி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஸ்கேலைப் பார்த்தாள். "அதுக்கு ஏங்க இப்படி நிக்கறீங்க, பையக் கொண்டுபோயி சூளையில வச்சு சுட்டு எடுங்க, சுருங்கி சரியாப் போயிடும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வீராயி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தாலும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, மாசிக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்புறம் ராஜாங்கம் கடைக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். அவன் மேஜைக்கு அடியிலிருந்து அந்த நீலப் பையை எடுத்து வைத்தான், நீங்க எப்படியும் வருவீங்கன்னு எடுத்து வச்சிருந்தேண்ணே, ஸ்கேலு கொண்டாந்திருக்கீங்களா என்று மட்டும் கேட்டான். வீராயியின் டேப்பைக் கொண்டுபோயிருந்தேன், அதற்கு அளவு சரியாக இருந்தது. இன்றைக்கு யூனிட்டில் அந்தக் கூண்டுக்குள் யாரோ ஒரு குட்டிப் பிள்ளையார் பொம்மையை உட்காரவைத்து, கேபின் சைஸ் என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கோவிந்தசாமியின் கையெழுத்து மாதிரிதான் இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார்.

இனிமேல் எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. பை சின்னதானதால் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து அடுக்க வேண்டியதாயிற்று. முன்பே எடை கூடும்போதெல்லாம் கொஞ்சம் குறைத்துவிடு என்று நான் சொல்வேன், அவள் உள்ளே போய்விட்டு வந்து கொறச்சிட்டேன் என்பாள், நிறுத்தால் குறைந்திருக்கும், எனக்கும் திருப்தி. எதைக் குறைத்தாள் என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வீராயி வீட்டுக்குப் போயிருந்த நேரம், அளவில்தான் கோட்டை விட்டேன், எடையிலாவது ஒழுங்காக இருப்போம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தேன். பை இரண்டு கிலோ இருநூறு. உனக்கான பண்டங்கள் மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. அவளுடைய பொருள் மொத்தம் எண்ணூற்று நாற்பது கிராம். ஒரு புடவை, ஒரு ரவிக்கை, ஒரு பாவாடை, துண்டு, சீப்பு, பிரஷர் மாத்திரை, அவ்வளவுதான். இருபது நாளைக்கு வருகிறாள், முதலில் ஐந்து புடவை வைத்திருந்தாள், போன தீபாவளிக்கு நீ எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவைதான் முதலில் வைத்தது, அது மட்டும் இப்போது இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தன் துணியைத்தான் எடுத்திருக்கிறாள், மல்லாட்டை உருண்டையில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. திரும்பி வந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அவ்ளோ பெரிய ஊருல அவகிட்ட எனக்குக் கட்டிக்கத் துணி இருக்காதா, மல்லாட்ட உருண்ட இருக்குமா" என்றாள். பேசாத எட்டு மாதமும் அவளுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அந்தத் தராசில்தான் தெரிந்தது.

ஆகவே சொல்கிறேன், அவள் வந்த மறுநாளே மெல்லிய பருத்தி நைட்டி இரண்டு வாங்கிக் கொடு, நான் சொன்னதாகச் சொல்லாதே, உனக்கு வாங்கினதா என்று கேட்பாள், ஆமாம், எனக்குப் பெரிதாகிவிட்டது என்று சொல். வடகம் டிங் என்றால் சிரிக்காதே. இவ்வளவு எதற்கும்மா, யார் தின்பது என்று ஒருபோதும் சொல்லாதே, உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணையும் சொல்ல விடாதே, அவளுக்கும் நிறையக் கொடு, அம்மா எண்ணிக்கொண்டிருப்பாள். பிளேனில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவாள், ஐப்பசி மழைக்குப் பயந்து என்று சொல்வாள், நம்பாதே, அதன் இரண்டு பாக்கெட்டிலும் முந்திரி இருக்கிறது, ஆளை யாரும் நிறுக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறாள். மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் குளி. கட்டுக்குள் அரித்தால் ஸ்கேலை விட்டுச் சொறியாதே, எந்த ஸ்கேலாக இருந்தாலும். இன்னும் ஒன்றுதான் பாக்கி. முதல் நாளே சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் உட்காருவாள். எதுவும் பேச மாட்டாள், கை மட்டும் வரும். அப்போது ஸ்பூன் இருக்குதும்மா, நானே சாப்பிட்டுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு. வாயைத் திற. மீதியை அவள் பேசுவாள்.

கை சீக்கிரம் கூடி, நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அம்மா ஊர் திரும்பியதும் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், காரியம் முடிந்தால்தான் வாபஸ் வாங்க முடியும், ஞாபகம் இருக்கட்டும். மறக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
கி. வீரமுத்து.

பின்குறிப்பு: மூன்று கணக்கையும் கூட்டிப் பார்த்திருப்பாய், ஆறு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பத்து கிராம்தான் இடம் இருந்தது, இந்தக் கடிதமோ உறையோடு நாற்பத்தைந்து வந்துவிட்டது. அதனால் அதிரசத்தில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டேன். இருபத்து நாலு என்று அம்மா சொல்வாள், இருபத்து மூன்றுதான் இருக்கும், ஏர்போர்ட்டில் நீதான் பசி தாங்காமல் எடுத்தாய் என்று ஒத்துக்கொள். அவளுக்கு அதில் சந்தோஷம்தான்.